அடி விழுமா விழாதா: டெக்ஸ்ட் ஆர்பிஜி எழுதறவங்க எந்த ஹிட் சான்ஸ் கணக்கை எடுக்கலாம்

ரெண்டு மாசமா ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் உக்காந்து ஒரு சின்ன டெக்ஸ்ட் ஆர்பிஜி (ஒரு பாத்திரமா மாறி கதைக்குள்ள போய் ஆடற கேம்) எழுதிட்டு இருக்கேன், தமிழ்ல, போன்ல ஆடற மாதிரி, படம் கிடையாது சத்தம் கிடையாது, வெறும் எழுத்துதான். கதை வந்துடுச்சு, சுரங்கம் வந்துடுச்சு, கடைக்காரன் பேரம் பேசறது கூட வந்துடுச்சு, சண்டைன்னு வந்ததும் மாட்டிக்கிட்டேன். கத்தியை வீசினா பட்டுச்சா படலையா, இதை எதை வச்சு முடிவு பண்றது? கேக்க சின்ன விஷயம் மாதிரி இருக்கும். முதல் வெர்ஷனை சித்தி பையன்கிட்ட குடுத்தேன், அவன் போன்ல வந்தது இது:

நீ ஓநாயை வெட்டுகிறாய். தவறியது.
ஓநாய் உன் மேல் பாய்கிறது. தவறியது.
நீ ஓநாயை வெட்டுகிறாய். தவறியது.
ஓநாய் உன் மேல் பாய்கிறது. தவறியது.
நீ ஓநாயை வெட்டுகிறாய். ஓநாய்க்கு 2 சேதம்.
ஓநாய் உன் மேல் பாய்கிறது. தவறியது.

"அண்ணே, ரெண்டு பேரும் காத்தோட சண்டை போட்டுட்டு இருக்காங்க"ன்னான். ப்ரோகிராம் கோடுல தப்பு ஒண்ணும் இல்ல. அடி பட வாய்ப்பு, அதாவது ஹிட் சான்ஸ், ஹீரோவுக்கு 55%, ஓநாய்க்கு 45%ன்னு வச்சிருந்தேன், நியாயமான நம்பராத்தான் தோணுச்சு. ஆனா பெருக்கிப் பாருங்க, ஹீரோ தவற 45%, ஓநாய் தவற 55%, ரெண்டும் சேந்து தவற 24.75%. அதாவது நாலு ரவுண்டுக்கு ஒரு ரவுண்டு ஒண்ணுமே நடக்காது, ரெண்டு வரி படிச்சதுதான் மிச்சம்.

தாயக்கட்டை ஆடினவங்களுக்கு இந்த எரிச்சல் புதுசில்ல. நாலு பக்கக் கட்டை ரெண்டு, ஒவ்வொண்ணுலயும் வெறுமை, 1, 2, 3. காய் இறங்க தாயம் விழணும், மொத்தம் 16 விதமா விழறதுல தாயம் ரெண்டே விதம், 12.5%. பத்து தடவை உருட்டியும் தாயம் விழாம உக்காந்திருக்க 26% வாய்ப்பு இருக்கு, அதான் ஒவ்வொரு ஆட்டத்துலயும் ஒருத்தர் "எனக்கு மட்டும் விழவே மாட்டேங்குது"ன்னு புலம்பிட்டே இருப்பாங்க. ஆனா திண்ணையில அந்த நேரம் வீணாப் போறதில்ல, பக்கத்துல இருக்கறவங்க கிண்டல் பண்ணுவாங்க, அடுத்தவங்க காயை வெட்டறதைப் பாக்கலாம். போன்ல தனியா படிச்சிட்டு இருக்கறவனுக்கு "தவறியது"ங்கற ஒரு சொல்லைத் தவிர எதுவும் இல்ல. படம் உள்ள கேம்ல தவறினா கூட கத்தி மின்னும், எதிரி குனிவான், கண்ணுக்கு எதாவது கிடைக்கும். நமக்கு ஒவ்வொரு தவறும் ஒரு வரி, விரலால ஒரு தட்டு. அதனால இதுக்குக் கீழ நான் ஒப்பிடற ஒவ்வொரு முறையையும் இது நிஜ சண்டை மாதிரி இருக்கான்னு பாக்கல, படிக்கறவனோட எத்தனை வரியைத் தின்னுது, பதிலுக்கு என்ன குடுக்குதுன்னுதான் பாக்கறேன்.

எல்லாத்துக்கும் தாத்தா இருபது முகப் பகடை. 1974ல வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்ங்கற மேசை ஆர்பிஜில ஆரம்பிச்சது, இருபது முகம்ங்கறதால ஒவ்வொரு முகமும் சரியா 5%, மனக்கணக்குக்கு சுகம். பழைய முறையில ஆர்மர் கிளாஸ், அதாவது கவச நம்பர், கொறைய கொறைய நல்லது, வெறும் உடம்பு 10, முழு இரும்புக் கவசம் 3, மந்திரக் கவசம்னா மைனஸ்லயும் போகும். 1989ல வந்த ரெண்டாவது எடிஷன்ல இதுக்கு ஒரு நம்பரை விதியாவே ஆக்கினாங்க, பேரு தாக்கோ (நம்ம காதுக்கு தாக்குன்னே விழுது, சத்தியமா தற்செயல்தான்). ஆர்மர் கிளாஸ் சைபரா இருக்கற எதிரியை அடிக்க பகடையில என்ன விழணுமோ அதுதான் தாக்கோ. அஞ்சாம் லெவல் வீரனுக்கு 16. எதிரி கவசம் 3ன்னா 16லருந்து 3 போக 13, பதிமூணோ மேலயோ விழணும், 40%. வெறும் உடம்போட நிக்கறவன்னா 6 போதும், 75%. மைனஸ் 2ன்னா 18 வேணும், 15% தான். கொறைஞ்சா நல்லதுங்கறது எத்தனையோ பேரைக் குழப்பி, கடைசியில 2000ல வந்த மூணாவது எடிஷன்ல தலைகீழா மாத்தி கூடினா நல்லதுன்னு ஆக்கினாங்க. இன்னிக்கு புதுசா எழுதறவங்க தயவு செஞ்சு கூடினா நல்லதையே எடுங்க, பழசை எடுத்தா உங்க கோடு உங்களுக்கே ஆறு மாசத்துல புரியாது.

இந்தக் கணக்குதான் அப்படியே டெக்ஸ்ட் கேம்களுக்குள்ள போச்சு. 1980ல வந்த ரோக்ங்கற சுரங்க கேமோட சண்டை ஃபங்ஷன் ரெண்டு மூணு வரிதான்: இருபதுலருந்து அடிக்கறவன் லெவலைக் கழி, எதிரியோட கவச நம்பரைக் கழி, மிச்சம் வர்றது தேவையான நம்பர், பகடையோட ஆயுத போனஸ் சேந்து அதைத் தொட்டா அடி. அதுல எனக்குப் பிடிச்ச ஒரு ஏமாத்து இருக்கு. தவறினா சொல்றதுக்கு நாலு விதமான வரி வச்சிருக்காங்க, அதுல ஒண்ணு மயிரிழையில தவறிட்டேங்கற மாதிரி வரும். படிக்கறவன் அடடா ஒரு நம்பர்ல போச்சேன்னு நினைப்பான். ஆனா கோடைப் பாத்தா அந்த நாலு வரியில எது வரணும்ங்கறது தனியா ஒரு ராண்டம், பகடையில நிஜமா எத்தனைல தவறுச்சுங்கறதுக்கும் அதுக்கும் சம்பந்தமே கிடையாது! ஒரு விதத்துல புத்திசாலித்தனம், இன்னொரு விதத்துல வீண். ஏன்னா எத்தனைல தவறுச்சுங்கற தகவல் கையிலயே இருக்கு, அதைச் சொன்னா ஆடறவனுக்கு உபயோகம்: ஒண்ணுல தவறினா இன்னொரு தடவை வீசலாம், பத்துல தவறினா ஓடிடலாம்னு அவனே முடிவெடுப்பான்.

அப்புறம் மட் கேம்கள், பல பேர் நெட்வொர்க் வழியா ஒண்ணா ஆடற டெக்ஸ்ட் கேம்கள். முதல் மட் 1978ல எசெக்ஸ் பல்கலைக்கழகத்துல ராய் டிரப்ஷாவும் ரிச்சர்ட் பார்ட்டிலும் எழுதினது, ஆனா சண்டைக் கணக்கைப் பொறுத்தவரைக்கும் நாம பாக்க வேண்டியது கோபன்ஹேகன்ல 1990 வாக்குல எழுதின டிக்குமட். அதுல தாக்கோ டேபிள் அப்படியே இருக்கு, கிளாஸ் (வீரன், மந்திரவாதி மாதிரி) வாரியா லெவல் வாரியா. கவசத்தை 100லருந்து மைனஸ் 100 வரைக்கும் வச்சுட்டு அடிக்கும்போது பத்தால வகுப்பாங்க, மைனஸ் 10க்குக் கீழ போக விடமாட்டாங்க. பகடையில 20 விழுந்தா கண்டிப்பா அடி, 1 விழுந்தா கண்டிப்பா தவறு, எதிரி தூங்கிட்டு இருந்தா பகடையே பாக்க வேண்டியதில்ல, அடி விழும். இந்தக் கடைசி விதியை நான் அப்படியே சுட்டுட்டேன், தூங்கற ஓநாயை எப்படிப்பா தவற விடுவான்.

டிக்கு வழியில வந்த சர்க்கிள்மட்ல சண்டை ரவுண்டு ரெண்டு செகண்டுக்கு ஒண்ணு. ஒரே ஒரு தடவை அடின்னு கமாண்ட் குடுத்தா போதும், அப்புறம் அதுவே ஓடும், நீங்க அந்த நேரத்துல எப்ப ஓடறது, எப்ப மருந்து குடிக்கறதுன்னு யோசிப்பீங்க, இல்ல குரூப்ல அரட்டை அடிப்பீங்க. அங்க தவறறதுக்கு விலையே இல்ல, வரி தானா மேல ஓடிடும். அதனாலதான் 40% ஹிட் சான்ஸ்ல வருஷக் கணக்கா ஜனங்க சந்தோஷமா ஆடினாங்க. அதே 40%ஐ ஒவ்வொரு வீச்சுக்கும் விரலால தட்ட வைக்கற போன் கேம்ல வச்சா அன்னிக்கே டெலீட் பண்ணிடுவான். நான் பண்ணின முதல் தப்பே இதுதான், மட்ல ஆடின ஞாபகத்துல மட் நம்பரை எடுத்து தட்டு கேம்ல போட்டேன்.

நெட்ஹேக்கும் (1987) இதே குடும்பம்தான், 1ங்கற நம்பரோட அடிக்கறவன் லெவல், எதிரி கவசம், பலம், லக் எல்லாம் கூட்டி, அது இருபது முகப் பகடையை விடப் பெருசா இருந்தா அடி. லக்ங்கறது நேரா இந்தக் கூட்டல்ல சேருது, ஒவ்வொரு லக் பாயிண்டும் 5%. கம்ப்யூட்டர் தேதியைப் பாத்து பௌர்ணமின்னா லக் ஒண்ணு கூட்டும், பதிமூணாம் தேதி வெள்ளிக்கிழமைன்னா ஒண்ணு கொறைக்கும். பஞ்சாங்கம் பாத்து சண்டைக்குப் போறதுக்கு இதைவிட நல்ல காரணம் கிடைக்காது.

சரி, இருபது முகத்தை விட்டுட்டு நேரா பர்சன்ட்ல போகலாமேன்னு ரெண்டாவது வெர்ஷன்ல போனேன். அடிக்கறவன் திறமை 75, அதுலருந்து எதிரி கவசத்தைக் கழி, அவ்வளவுதான். படிக்கவும் சுலபம், எழுதவும் சுலபம். ஒரு வாரம் கழிச்சு சித்தி பையன் போன் பண்ணி "அண்ணே நான் டீ குடிச்சிட்டு வரேன், அதுவரைக்கும் ஓநாய் கடிச்சிட்டு இருக்கட்டும்"ங்கறான். என்னன்னு பாத்தா கடையில இருந்த தொப்பி, கையுறை, செருப்பு, கேடயம்னு ஒண்ணு விடாம வாங்கி மாட்டி கவசத்தை 70க்குக் கொண்டு போயிருக்கான், ஓநாயோட ஹிட் சான்ஸ் 5%.

கழித்தல் கணக்கோட வியாதியே இதுதான், இதைக் கொஞ்சம் பொறுமையா சொல்லணும், ஏன்னா இருபது முகத்துக்கும் இதே வியாதி உண்டு. கவசமே இல்லாதவன் 5 பாயிண்ட் கையுறை வாங்கினா எதிரி சான்ஸ் 75லருந்து 70 ஆகும், அவன் வாங்கற அடி பதினஞ்சுல ஒரு பங்குதான் கொறையும், வாங்கினதே தெரியாது. ஏற்கெனவே 65 கவசம் இருக்கறவன் அதே கையுறையை வாங்கினா 10லருந்து 5 ஆகும், வாங்கற அடி சரிபாதி! ஒரே கையுறை, ஒரே விலை. இருக்கறவனுக்கு மேல மேல கொட்டும், இல்லாதவனுக்கு ஒண்ணும் கிடைக்காது. இதைக் கட்டுப்படுத்த கேம் எழுதறவங்க ஒண்ணு டிக்கு மாதிரி உச்ச வரம்பு வைக்கணும், இல்ல லெவல் ஏற ஏற எதிரி திறமையையும் ஏத்திக்கிட்டே போகணும். ஏத்திக்கிட்டே போனா அப்புறம் கவசம் வாங்கறதுல என்ன அர்த்தம், எல்லாம் ஒரே இடத்துல ஓடற மாதிரிதான்.

பர்சன்ட் குடும்பத்துலயே இன்னொரு பங்காளி, 1978ல வந்த ரூன்குவெஸ்ட் மாதிரி, அடிக்கறவன் ஒரு உருட்டு, தடுக்கறவன் ஒரு உருட்டு. மேசையில நாலு பேர் சுத்தி உக்காந்து ஆடும்போது இது பிரமாதம், தடுத்தவன் எழுந்து நின்னு கத்துவான். டெக்ஸ்ட்ல நாசம். ரெண்டு பேருக்கும் அடி 50, தடுப்பு 50ன்னு வைங்க, ஒரு வீச்சு உடம்புல படறது 25%. ஒரு ரவுண்டுல ரெண்டு பேர்ல யாருக்கும் அடி விழாம போறது 75ஐ 75ஆல பெருக்கினா 56%. பாதிக்கு மேல ரவுண்டு வெறும் காத்து, அதுவும் ஒவ்வொரு காத்துக்கும் ரெண்டு ரெண்டு வரி. இதை நான் கோடு பண்ணக் கூட இல்ல, பேப்பர்லயே அடிச்சுட்டேன்.

மூணு ஆறுமுகப் பகடையைக் கூட்டற முறை (1986ல வந்த கர்ப்ஸ்ங்கற மேசை கேம்ல இருக்கறது) கொஞ்சம் மரியாதையானது. திறமை நம்பருக்குள்ள கூட்டுத்தொகை விழணும். திறமை 10ன்னா 50%, 11ன்னா 62.5%, 12ன்னா 74%, அப்புறம் ஏற்றம் மெதுவாயிடும், 14ல 90.7%, 15ல 95.4%. கத்துக்குட்டிக்கு ஒரு பாயிண்ட் பெருசு, கைதேர்ந்தவனுக்கு ஒரு பாயிண்ட் சின்னது, நிஜ வாழ்க்கையும் அப்படித்தானே. ஆனா ஆடறவன்கிட்ட "திறமை 13"ன்னு காட்டினா அவனுக்கு அது என்னன்னு தெரியாது, பக்கத்துல 83.8%ன்னு எழுதித்தான் ஆகணும், அப்படி எழுதறதுக்கு நேரா பர்சன்ட்லயே போயிடலாம். கம்ப்யூட்டர் உருட்டும்போது கையில பகடை குலுங்கற சுகமும் இல்ல.

எனக்கு வழி காட்டினது புரோக். 2009ல பிரையன் வாக்கர் வெளியிட்டது, எழுத்துக்களாலயே ஆன சுரங்க கேம், சும்மா கிடைக்கும். அதுல கவசத்தைக் கழிக்கறதில்ல, பெருக்கறாங்க. ஒவ்வொரு தற்காப்பு பாயிண்டுக்கும் எதிரி சான்ஸை சுமார் 0.987ஆல பெருக்கு. பத்து பாயிண்ட் ஏறினா சான்ஸ் எட்டுல ஒரு பங்கு கொறையும், எங்கருந்து ஏறினாலும் அதே எட்டுல ஒரு பங்கு. என் ஓநாயோட 75%ஐயே எடுத்துக்கங்க: தற்காப்பு 10ல 66 ஆகும், 20ல 58, 50ல 39, அந்தப் பய சேத்து வச்ச 70ல 30, நூறுக்குப் போனா கூட 20. சைபரைத் தொடவே தொடாது, உச்ச வரம்பு வைக்க வேண்டாம், 20 விழுந்தா கண்டிப்பா அடிங்கற ஸ்பெஷல் விதி வேண்டாம். கையுறை ஏழைக்கும் பணக்காரனுக்கும் ஒரே அளவு உதவும். ஒரே ஒரு பெருக்கல்ல மூணு தலைவலி போச்சு.

அதை விட முக்கியம் புரோக் அதைக் காட்டற விதம். ஒரு எதிரி மேல கர்சரை வச்சா உன்னை அடிக்க அதுக்கு இத்தனை பர்சன்ட், பட்டா உன் உயிர்ல சாதாரணமா இத்தனை பங்கு போகும், மோசமாப் போனா இத்தனை அடியில நீ செத்துடுவன்னு ஒரு பத்தி வந்து நிக்கும். நீ திருப்பி அடிச்சா என்னங்கறதும் அதுலயே இருக்கும். டெக்ஸ்ட் கேமுக்கு இது ஒரு வரம்ங்க, ஏன்னா நம்மகிட்ட இருக்கற ஒரே சாமான் எழுத்து, அதைச் சண்டை முடிஞ்சப்புறம் "தவறியது"ன்னு செலவழிக்கறதை விட சண்டைக்கு முன்னாடி செலவழிச்சா ஆடறவன் யோசிச்சு முடிவெடுப்பான், அப்புறம் தவறினாலும் 70%னு தெரிஞ்சுதானே வீசினோம்னு கோவம் கொஞ்சம் கொறையும்.

கொஞ்சம்தான் கொறையும். மனுஷனுக்கு பர்சன்ட் புரியாது, எனக்கும் சேத்துத்தான். சிவிலைசேஷன் கேமை உருவாக்கின சிட் மேயர் 2010ல ஜிடிசிங்கற கேம் எழுதறவங்க மாநாட்டுப் பேச்சுல சொன்னது பிரசித்தம்: மூணுக்கு ஒண்ணுன்னு பலம் காட்டற சண்டையில தோத்தா ஆடறவங்க கேம் ஏமாத்துதுன்னு சண்டைக்கு வருவாங்க, அதே அவங்க ஒண்ணுக்கு மூணுன்னு பலவீனமா இருந்து ஜெயிச்சா வாயே திறக்கமாட்டாங்க. என் கணக்குலயே 70% சான்ஸ் இருக்கறவன் தொடர்ந்து நாலு தடவை தவறறது 0.81% தான், அரிதுன்னு தோணும், ஆனா நூறு தடவை கத்தி வீசினா எங்கயாவது ஒரு இடத்துல அந்த நாலு வரிசை வர வாய்ப்பு சுமார் 40%. ஒரு சாயங்கால ஆட்டத்துல நூறு வீச்சு சர்வ சாதாரணம். ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அனுப்பறவன் அந்த நாலு வரியைத்தான் அனுப்புவான், மிச்ச தொண்ணூத்தாறை அனுப்பமாட்டான்.

இதைச் சமாளிக்க ரெண்டு தந்திரம் ரொம்ப நாளா புழக்கத்துல இருக்கு. ஒண்ணு, பொய் சொல்றது. ஃபயர் எம்ப்ளம்ங்கற படை நடத்தற கேம் வரிசையில 2002ல வந்த கேம்லருந்து பல கேம்கள்ல ஒரு ராண்டம் நம்பருக்கு பதிலா ரெண்டு எடுத்து சராசரி பாத்தாங்க. ஸ்க்ரீன்ல 90ன்னா நிஜத்துல 98.1, 70ன்னா 82.3, 50 அப்படியே 50.5, ஆனா 30ன்னா 18.3, 10ன்னா வெறும் 2.1. மனசு எப்படி நினைக்குதோ அப்படியே நம்பரை வளைச்சுட்டாங்க, 90ன்னா விழும், 10ன்னா விழாது. வேலை செய்யுது, ஆடறவங்களுக்கு இனிக்குது. ஆனா நான் எடுக்கல. காரணம் நேர்மை கீர்மைன்னு பெருசா இல்ல, என் கேம்ல அந்த நம்பரை நம்பித்தான் ஆடறவன் ஓடலாமா நிக்கலாமான்னு முடிவெடுக்கறான், எதிரிக்கு 30%ன்னு காட்டி நிஜத்துல 18 வச்சா அவன் தேவையில்லாம ஓடுவான், நான் உக்காந்து யோசிச்சு வச்ச சண்டையெல்லாம் அவன் பாக்காமயே போயிடுவான்.

இன்னொரு தந்திரம், தவற தவற சான்ஸை ஏத்தறது. வார்கிராஃப்ட் 3, டோட்டா 2ல கிரிட்டிகல் அடி (எப்பவாவது விழற பலமான அடி) மாதிரி விஷயங்களுக்கு இப்படித்தான், 25%ன்னு எழுதியிருந்தா முதல் வீச்சுல சுமார் 8.5%தான், விழலைன்னா அடுத்ததுல 17, அப்புறம் 25.5ன்னு ஏறிக்கிட்டே போகும், விழுந்ததும் மறுபடி 8.5. மொத்த சராசரி 25க்கே வந்து நிக்கும், நீண்ட வறட்சியும் இருக்காது அடுத்தடுத்து லாட்டரியும் இருக்காது. கொறைஞ்ச சான்ஸுக்கு இது அருமை. அதிக சான்ஸுக்குப் போட்டுப் பாத்தேன், சிரிப்பு வந்துடுச்சு: 70%க்கு கணக்குப் போட்டா முதல் வீச்சு 57%, தவறினா ரெண்டாவது நூறைத் தாண்டிடுது, அதாவது ரெண்டு தடவை தொடர்ந்து தவறவே முடியாது. ஆடறவன் இதைக் கண்டுபிடிக்க ஒரு மணி நேரம் ஆகாது, எலியை அடிச்சு ஒரு தவறை வாங்கி வச்சுக்கிட்டு நேரா பூதத்துகிட்ட போவான். சித்தி பையன் நிச்சயமா போவான்.

இன்னொரு பக்கம் தவறுங்கறதையே தூக்கிடற கோஷ்டி. இன்டு தி ஆட்னு ஒரு சின்ன மேசை கேம், அதுல அடிக்கலாமா வேண்டாமான்னு உருட்டறதே இல்ல, நேரா சேதப் பகடை, அதுலருந்து கவசத்தைக் கழிச்சா மிச்சம் உயிர்ல போகும். ஓநாய் சண்டையை இதுல எழுதிப் பாத்தா ஆறு வரியிலயும் எதாவது நடக்குது, சண்டை மூணு ரவுண்டுல முடிஞ்சுடுது, பயமும் கூடுது, ஏன்னா எதிரி கையில கத்தி இருந்தா அது உன் மேல படும்னு தெரியும், அதனால சண்டைக்கு முன்னாடியே பேசிப் பாக்கவோ சுத்திப் போகவோ தோணும். கதை முக்கியம், சண்டை எப்பவாவதுங்கற மாதிரி கேம் எழுதறவங்க கண்ணை மூடிட்டு இதை எடுங்க, இதுக்கு மேல படிக்கக் கூட வேண்டாம். எனக்கு இடிச்ச இடம் ஒண்ணுதான்: ஆறுமுகப் பகடை சேதத்துல 2 கவசம் கழிச்சா 1ம் 2ம் சைபர் ஆயிடுது, மூணுல ஒரு அடி வெறும் சத்தம். தவறை வாசல்ல துரத்தினா கொல்லைப்புறமா வந்து நிக்குது. ஆனாலும் "கேடயத்தில் பட்டுத் தெறித்தது"ங்கற வரி "தவறியது"ங்கறதை விட எவ்வளவோ மேல், தன் காசுல வாங்கின கேடயம் வேலை செஞ்சதைப் படிக்கறான்ல.

ரெண்டு ஆறுமுகப் பகடையில மூணு விதமான முடிவு வைக்கற முறையும் ஆசை காட்டுச்சு. 2010ல அபோகலிப்ஸ் வேர்ல்டுங்கற மேசை கேம்ல வந்தது: 6க்குள்ள விழுந்தா சிக்கல், 7லருந்து 9 வரைக்கும் விழுந்தா நினைச்சது நடக்கும் ஆனா ஒரு விலை குடுக்கணும், 10ஓ மேலயோ விழுந்தா முழு வெற்றி. போனஸ் இல்லாம 41.7, 41.7, 16.7. எழுத்துக்குன்னே பிறந்த முறை, ஏன்னா நடுவுல இருக்கற முடிவுதான் கதை. கத்தி பட்டுச்சு ஆனா ஓநாய் உடம்புலயே மாட்டிக்கிச்சு, இப்ப என்ன பண்ணுவ. பிரச்சனை என்னன்னா மேசையில அந்த விலையை அந்த நேரத்துல யோசிச்சுச் சொல்ல ஒரு ஆள் உக்காந்திருக்கான், கேம்ல அந்த ஆள் நான்தான், அதுவும் முன்கூட்டியே. முப்பது எதிரி, ஒவ்வொருத்தனுக்கும் அஞ்சு விதமான விலைன்னா நூத்தம்பது வரி, ஒவ்வொண்ணும் நாலு தடவை படிச்சதும் புளிச்சுப் போகும். தமிழ்ல இன்னொரு கூடுதல் தலைவலி வேற, பேரோட வேற்றுமை உருபை கோடு ஒட்டும்போது "எலும்புக்கூடுஐ வெட்டுகிறாய்"ன்னு வந்து நிக்கும், கூடு கூட்டை ஆகணும், ஓநாய் ஓநாயை ஆகணும், பேய் பேயை, பாம்பு பாம்பை, ஒவ்வொரு பேருக்கும் ஐ, க்கு, ஆல்னு தனித்தனியா எழுதி வைக்கறதுக்குள்ள நாக்கு தள்ளிடுச்சு. இதுல நூத்தம்பது வரி எங்க. பெரிய பாஸ் சண்டை மூணு இருக்கு, அதுக்கு மட்டும் இந்த முறையை வச்சுக்கலாம்னு எடுத்து வச்சிருக்கேன்.

எந்த கேமுக்கு எதுன்னு என்னைக் கேட்டா, தானா ஓடற மட்னா இருபது முகமே போதும், பழகினவங்க எதிர்பாக்கறதும் அதைத்தான், உச்ச வரம்பு மட்டும் மறக்காதீங்க. கதை கேம்னா தவறே வேண்டாம். என்னை மாதிரி ஒவ்வொரு வீச்சையும் தட்ட வைக்கற, சண்டை நிறைய இருக்கற, கடையில சாமான் வாங்கற கேம்னா பெருக்கல் பர்சன்ட், அதுவும் முன்னாடியே காட்டிடணும். நான் அதுல சின்ன மாற்றம் பண்ணியிருக்கேன், கவசத்தையும் ஏய்க்கறதையும் பிரிச்சுட்டேன், டன்ஜன் கிரால் ஸ்டோன் சூப்ங்கற சுரங்க கேம்ல இருக்கற மாதிரி: ஏய்ப்பு மட்டும்தான் ஹிட் சான்ஸைக் கொறைக்கும், இரும்பு சேதத்தைக் கொறைக்கும். இப்படிப் பிரிச்சதும் எதிரிகளுக்கே முகம் வந்துடுச்சு, வௌவால் அடியே வாங்காது வாங்கினா செத்துடும், ஆமை எல்லா அடியும் வாங்கும் ஆனா சலிக்காது, முன்னாடி ரெண்டும் "55%"ங்கற ஒரே நம்பர்தான். அடி வீணாப் போனா எதனாலன்னு வரி சொல்லும், வௌவால்னா "விலகியது", ஆமைன்னா "ஓட்டில் பட்டுத் தெறித்தது", நூலிழையில போனா மட்டும் "நூலிழையில்"னு வரும், ரோக் மாதிரி சும்மா இல்ல, அஞ்சு பர்சன்டுக்குள்ள நிஜமா தவறியிருந்தாத்தான்.

ஹீரோவோட ஆரம்ப சான்ஸ் 55லருந்து 85க்கு ஏத்தியாச்சு, ஓநாய் ரெண்டாவது வெர்ஷன்ல வச்ச 75லயே இருக்கு. புது வீரன் ஏய்ப்பு 10, ஓநாயோட ஏய்ப்பு 5ன்னு வச்சா அவனுக்கு சுமார் 80%, அதுக்கு 66%, ரெண்டு பேரும் சேந்து தவறற ரவுண்டு 24.75லருந்து 7க்கு வந்துடுச்சு. அதுக்கேத்த மாதிரி உயிரையும் ஏத்த வேண்டியிருந்தது, இல்லைன்னா மூணு கடியில ஆள் காலி. வில்லுக்கு என்ன பண்றதுன்னு இன்னும் முடிவு பண்ணல, தூரத்துக்கு ஒரு பெருக்கல் சேக்கறதா இல்ல அம்புக்கு மட்டும் சேதத்தை ஏத்தி சான்ஸை இறக்கறதான்னு. ஞாயித்துக்கிழமை சித்தி பையன் வர்றான், அதுக்குள்ள வில்லு இல்லாத பில்டையாவது கையில குடுத்துடணும், எலும்புக்கூடுஐயை எலும்புக்கூட்டைன்னு மாத்தின கையோட.